மீனுக்கு நெயில் பாலிஷ்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், நீலச் சட்டை போட்ட ஒருவர் என் கடைக்குள் வந்து, "பச்சையில மினுமினுன்னு நெயில் பாலிஷ் இருக்குதாக்கா?" என்று கேட்டார். சட்டை கம்பெனிச் சட்டை. காலர் ஓரத்தில் கிரீஸ் கறை. குடையை உள்ளே கொண்டுவந்தால் தரை நனையுமென்று வெளியிலேயே சாய்த்து வைத்திருந்தார். அது காற்றில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் நான் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். வளையல், பொட்டு, கிளிப்பு, கவரிங் நகை எல்லாம் கிடைக்கும். நெயில் பாலிஷ் வாங்க ஆண்கள் வருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் வருகிறவர்கள் எதையோ திருடிக்கொண்டு ஓடுவதுபோலக் கைக்குக் கிடைத்த சிவப்பை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இவர் நின்றார். ஒவ்வொரு புட்டியாகத் திறந்து, தன் இடது கை விரல்களில் விரலுக்கு ஒரு நிறமாகப் பூசிக்கொண்டார். வாசலுக்குப் போய் மழை வெளிச்சத்தில் கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து, "இது காஞ்சப்பறம் தண்ணில உரியுமா?" என்றார்.

"பாத்திரம் தேச்சா நாலஞ்சு நாள்ல உரியும் சார். அவங்க எப்டி, மாநிறமா செவப்பா? அதுக்குத் தகுந்த மாரி எடுத்துத் தரேன்."

அவர் உண்மையாகவே யோசித்தார். "முதுகு கரும்பச்ச. வயிறு வெள்ள. பக்கத்துல லேசா மஞ்சள் அடிக்கும்."

நான் புட்டியைக் கீழே வைத்துவிட்டேன். "சார், யாருக்கு சார் வாங்குறீங்க?"

"மீனுக்குக்கா" என்றார்.

பச்சை ஒன்று, வெள்ளி ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, கவுண்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து சிரித்தேன். ஹேர்பேண்ட் வாங்க வந்த ஒரு பெண், கடையில் ஆளே இல்லை, அழுகைச் சத்தம் மட்டும் கேட்கிறது என்று பக்கத்துக் கடையில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேலை சில வருடங்களுக்கு முன்பே ஓய்ந்திருந்தது. யாரும் நிறுத்தவில்லை. டி.வி. சீரியல் போல ஒரு நாள் முடிந்துபோயிருந்தது. கடை இருந்தது. அப்பா இருந்தார். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியின் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் என் கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற பெண்களை எல்லாம் கேட் பாஸ் கேட்பதுபோல் பார்ப்பார். அம்மா அந்த மழைக்காலம் முழுக்க அக்காவின் பிரசவத்துக்காகச் செவ்வாப்பேட்டையில் இருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நெயில் பாலிஷ்காரர் இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். கையில் சாப்பாட்டு டப்பா. "நீங்க நம்பல. அதான் எடுத்தாந்தேன்" என்று கவுண்டரில் வைத்துத் திறந்தார். உள்ளே சாதம் இல்லை. வாழையிலையில் அடுக்கியதுபோல மீன்கள். பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் செய்த பொய் மீன்கள். விரல் நீளம் சில, உள்ளங்கை நீளம் சில. ஒரு ரப்பர் தவளைகூட இருந்தது.

அவர் அதை லூர் என்று சொன்னார். புழு, இறால் எதுவும் வேண்டாமாம். இதைத் தூண்டில் நரம்பில் கட்டித் தூர வீசி, சக்கரத்தைச் சுற்றி இழுத்தால் உயிருள்ள மீன்போல நெளிந்துகொண்டு வருமாம். ஏரியில் விராலும், பழவேற்காட்டுப் பக்கம் கொடுவாவும் ஏமாந்து கவ்விக்கொள்ளுமாம்.

"இப்போ சீசன் இல்ல. மழ வந்துச்சுன்னா ஏரி பூரா செம்மண் தண்ணி. மீனுக்கு எதிர்ல இன்னா கீதுன்னே தெரியாது. மூணு மாசம் சும்மா கெடக்கணும். அதான் இதுங்களுக்கு வைத்தியம் பாத்துக்கினு இருக்கேன்."

வைத்தியம் தேவைப்படும் நிலையில்தான் இருந்தன. உப்புத் தண்ணீரில் தூண்டில் முள் துருப்பிடித்து ஒன்று. வாய்க்கு முன்னால் நாக்குபோல நீண்டிருக்க வேண்டிய தகடு பாறையில் மோதி உடைந்து ஒன்று. விரால் கடித்ததில் முதுகு முழுக்கப் பல் தடம் பதிந்து, சாயமெல்லாம் உரிந்து, கண் போய் ஒன்று. அந்தக் கண் போன மீனை நான் கையில் எடுத்தேன். எடை ஒன்றுமே இல்லை. ஆட்டினால் வயிற்றுக்குள் குண்டு உருண்டு கிலுகிலு என்றது. குழந்தைகளின் கிலுகிலுப்பைபோல. இன்னொரு முறை ஆட்டினேன். பிறகு இன்னொரு முறை.

"இது ஏன் கண்ணு இல்லாம கீது?"

"ஒட்டுற கண்ணு தனியா விக்கிறாங்க. ஆன்லைன்ல போட்டா வர லேட்டாவுது."

என் கை தானாகவே பின்னால் இருந்த பொட்டு அட்டைகளிடம் போனது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் தங்க வளையம் போட்ட பொட்டு ஒன்று உண்டு. கல்யாணத்துக்குப் போகிற பெண்கள் வாங்குவார்கள். ஒன்றை உரித்து மீனின் முகத்தில் ஒட்டினேன். திருப்பி, அந்தப் பக்கமும் ஒட்டினேன்.

மீன் என்னை முறைத்துப் பார்த்தது. நிஜமாகவே முறைத்தது.

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு, "அட்டையில எத்தினி ஜோடி கீது?" என்று தழுதழுத்த குரலில் கேட்டார். ஒரு பொட்டு அட்டையைப் பார்த்து அப்படி உணர்ச்சிவசப்பட்ட மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அன்றிலிருந்து கடையிலிருந்த சரக்கெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் சரக்கு வந்து இறங்கியிருந்த நேரம். ஜிகினாத் தாள் ரோலைப் பார்த்தால் செதில். நட்சத்திரத்தில் தொங்கும் வெள்ளிக் குஞ்சத்தைப் பார்த்தால் வால். கீசெயினில் தொங்கும் ரோமப் பந்தைப் பிரித்தால் தவளைக்குக் கால். குழந்தைகளின் தலைரப்பரை நறுக்கினால் அதற்கு விரல்கூட வைக்கலாம். ராத்திரி தூங்குமுன் புதிதாக ஏதாவது தோன்றும். எழுந்து உட்கார்ந்து சிரித்துவிட்டு மறுபடி படுப்பேன்.

அவருக்கு முதல் ஷிப்ட். மதியம் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வருவார். அந்த நேரத்தில் எனக்கு வியாபாரம் இருக்காது. கவுண்டரில் பழைய பேப்பரை விரித்து, நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம். துருப்பிடித்த முள்ளைக் கழற்றுவது அவர் வேலை. உப்புத்தாள் போட்டு உடம்பைத் தேய்ப்பதும் அவர்தான். நான் சாயம் பூசுவேன். காய்ந்ததும் மேலே நிறமில்லாத நெயில் பாலிஷை இரண்டு கோட்டிங் கொடுப்பேன். பேசாமலே ஒரு மணி நேரம் போய்விடும். ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர் அவர். கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம் நெல் விளையும் கிராமத்துக்காரர். இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். தங்கைகளின் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்ததில், தன் கல்யாணத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நவம்பரில் ஒருநாள் அவர் போகும்போது, "வரேன்க்கா" என்று சொல்லவில்லை. "வரேன்" என்று மட்டும் சொன்னார். அந்த 'க்கா' இல்லாததை நான் சாயந்திரம் முழுக்கக் கடையில் தேடிக்கொண்டிருந்தேன். வளையல் கேட்டவளுக்குச் சீப்பு எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள்தான் அந்த விபத்து. ஒரு மீனின் பழைய சாயம் உப்புத்தாளுக்குப் போகவில்லை. "இதுக்கு ஏன் இவ்ளோ பாடு? நம்மகிட்ட ரிமூவர் கீதே" என்று பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரை நனைத்து முகத்தைத் துடைத்தேன். சாயம் வந்தது. கூடவே முகமும் வந்தது. பிளாஸ்டிக் இளகி, மீனின் வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் கன்னத்துக்கு இறங்கியது. நான் பதறிப்போய் விரலால் நிமிர்த்தப் பார்த்தேன். நிமிரவில்லை. என் கட்டைவிரல் ரேகை அதன் நெற்றியில் அழகாகப் பதிந்தது.

"ஐயையோ, சாரி சார், சாரி..."

அவர் மீனை வாங்கிப் பார்த்தார். அது பல்வலி வந்ததுபோல முகத்தைக் கோணிக்கொண்டு இருந்தது. "அச்சு அசல் எங்க சூப்பர்வைசர்" என்றார்.

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வெடித்தது. அவருக்குச் சத்தமே வரவில்லை. கவுண்டரில் தலையைச் சாய்த்துத் தோள் மட்டும் குலுங்கியது. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் மீனைத் தூக்கிக் காட்டுவார். மறுபடி ஆரம்பம். நைனா வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா ஆச்சு? யாருக்கு இன்னா?" என்றார். மீனைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயந்திரம் கடை பூட்டும்போது கேட்டார்: "அந்தத் தம்பி டெய்லி வருதே, இன்னா வாங்குது?"

"நெயில் பாலிஷ் நைனா."

"டெய்லியா? எந்த ஆம்பள டெய்லி நெயில் பாலிஷ் வாங்குவான்?" கொஞ்சம் யோசித்து, "நான் கேட்ல எத்தினி பேரைப் பாத்திருப்பேன். வெளிய போறவன் இன்னா எடுத்துக்கினு போறான்னு மூஞ்சில தெரியும்" என்றார்.

நான் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

நைனாவின் விறைப்பு உடைந்தது அவருடைய லுங்கியால். பூசி முடித்த மீன்களை நான் காயவைக்கிற இடம் வாசல் பக்கத்து ஜன்னல் விளிம்பு. அன்று ஒரு மீனுக்குப் புது முள் பூட்டியாகிவிட்டது. மூன்று கொக்கி சேர்ந்த முள். நைனா எழுந்து அந்த விளிம்பில் சாய்ந்து சோம்பல் முறித்துவிட்டு, டீ குடிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் டீக்கடைப் பக்கம் பெரிய சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், நைனா கையில் டீ கிளாஸோடு கம்பீரமாக நின்றுகொண்டு மழை நிலவரம் பேசிக்கொண்டிருக்கிறார். பின்னால் லுங்கியில் ஒரு வெள்ளி மீன் ஆடிக்கொண்டிருக்கிறது. அவர் திரும்பும்போதெல்லாம் அதுவும் கிலுகிலு என்று திரும்புகிறது.

நெயில் பாலிஷ்காரர்தான் ஓடிப்போய் மண்டியிட்டு, நடுரோட்டில் நைனாவின் லுங்கியிலிருந்து அதைக் கழற்றினார். துணி கிழியாமல் கொக்கியைத் திருப்பித் திருப்பி எடுத்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க ஐயா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நைனா கீழே குனிந்து பார்த்தார்.

"இத்த நீ பண்ணியா?"

"சாயம் உங்க பொண்ணு அடிச்சது ஐயா."

நைனா மீனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நல்லாத்தான் கீது" என்றார். கொஞ்சம் கழித்து, டீக்கடைக்காரரிடம், "தம்பிக்கு ஒரு டீ போடு" என்றார்.

அதற்கப்புறம் ஒரு சட்டம் போட்டோம். ஏரிக்குப் போகிற நாள்வரை எந்த மீனுக்கும் முள் பூட்டக் கூடாது. காயவைக்கும்போதும் கூடாது, தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும்போதும் கூடாது. சட்டத்தைச் சொன்னவர் நைனா.

எனக்கென்று நான் ஒரு மீன் செய்தது இந்த நாட்களில்தான். தேறாது என்று அவர் ஒதுக்கிப் போட்டிருந்த ஒன்று. தண்ணீரின் மேலேயே மிதந்து வருகிற வகை. அதை எடுத்துத் தேய்த்து, ராணி கலர் அடித்தேன். பட்டுப் பாவாடை ராணி கலர். மேலே தங்கத் தூள் தூவினேன். பெரிய சைஸ் பொட்டில் கண். வாலுக்குச் சிவப்புக் குஞ்சம். சீர்வரிசைத் தட்டில் வைக்கலாம்போல இருந்தது.

அவர் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அழகா கீது. ஆனா இந்தக் கலர்ல நம்ம பக்கம் எந்த மீனும் கெடையாதே. விராலு பாத்தா பயந்து ஓடிடும்."

"ஓடட்டும். அதுக்குப் புடிக்கலன்னா எனக்கு இன்னா?" என்றேன்.

டிசம்பரில் ஒரு புயல் வந்தது. விடாமல் பெய்து, சுற்றியிருந்த ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து, எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கடை படி உயரத்தில் இருப்பதால் தப்பித்தது. தாழ்வாக இருந்த வீட்டுக்காரர்கள் சாமான்களோடு மாடிகளுக்கு ஏறியிருந்தார்கள். எங்கள் வீட்டு அடுப்பில் தெருவுக்கே உப்புமா. மழை விட்ட அன்று வெயில்கூட எட்டிப் பார்த்தது. தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கி, கலங்கல் எல்லாம் அடியில் படிந்து தெளிந்து நின்றது. ஃபேக்டரிகள் மூடியிருந்தன. கரண்ட் இல்லை. யாருக்கும் செய்ய ஒரு வேலையும் இல்லை.

அவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, தூண்டில் கழியைத் தலைக்குமேல் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வந்தார். "ஓட்டிப் பாக்கலாமா? இவ்ளோ நீளத்துக்குத் தண்ணி நமக்கு எங்க கெடைக்கும்?" என்றார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

நான் சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினேன். ஒவ்வொன்றாகக் கட்டி வீசினோம். நாங்கள் பூசிய மீன்கள் தெருநடுவே நெளிந்து நெளிந்து வந்தன. ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒன்று தலைகீழாக வந்தது. பச்சை மீன் நிஜ மீனைவிட நன்றாக நீந்தியது. ஒவ்வொன்றுக்கும் மாடியிலிருந்து கைதட்டல். நைனா கடைப் படியில் நின்று, "லெஃப்ட்ல விடு, லெஃப்ட்ல விடு" என்று லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுது" என்று என் ராணி கலர் மீனைக் கட்டி, கழியை என் கையில் கொடுத்தார். வீசச் சொல்லிக் கொடுத்தார். முதல் தடவை அது மளிகைக் கடை போர்டில் போய் மோதியது. இரண்டாவது தடவை கரண்ட் கம்பத்துப் பக்கம் தண்ணீரில் விழுந்தது. சுற்றினேன். அது மேற்பரப்பில் தத்தித் தத்தி, குஞ்சத்தை ஆட்டிக்கொண்டு, திருவிழாவுக்குப் போகிறதுபோல வந்தது.

சைக்கிள் கடைக்கு முன்னால் தண்ணீர் வெடித்தது.

எனக்கு என்னவென்று புரியவில்லை. யாரோ கல்லெறிந்தார்கள் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் கத்தினார்: "விராலு! விராலு! விராலு!" ஏரி வழிந்தபோது கூடவே வந்திருக்கிறது. மறுபடி பாய்ந்தது. கழி வளைந்தது. என் கை தோள்வரை இழுபட்டது. மாடிகளிலெல்லாம் ஓவென்று கூச்சல். ஒரு நொடி இழுத்தது. பிறகு விட்டுவிட்டது. முள்தான் இல்லையே!

"முள்ளு எங்கடா?" என்று டீக்கடைக்காரர் அலறினார்.

"பூட்டக் கூடாதுன்னு சட்டம்!" என்று நைனா படியிலிருந்து அலறினார்.

"சுத்துங்க, நிறுத்தாதீங்க, சுத்துங்க!" என்றார் இவர். சுற்றினேன். மூன்றாவது தடவையும் அந்த விரால் வந்தது. இப்போது நன்றாகவே பார்த்தேன். முழங்கை நீளம். கறுத்த தலை. எங்கள் தெருவில், என் கடை வாசலில், என் ராணி கலர் மீனைக் கவ்விக்கொண்டு தலையை உதறியது. டீக்கடைக்காரர் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் பிடிக்கப் பாய்ந்தார். நான் பின்வாங்கினேன். கால் வழுக்கியது. இடுப்புவரை தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தேன். விரால் டீக்கடைக்காரரின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து ஸ்டேஷன் பக்கம் போய்விட்டது.

என் மடியில் அந்த ராணி கலர் மீன். முதுகில் புதிதாகப் பல் தடம். தெரு முழுக்கச் சிரிப்பு. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வழிந்தது. அவர் கை நீட்டினார், எழுப்புவதற்கு. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். நனைந்த தலைமுடியில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. யோசித்துப் பேசியிருந்தால் ஒரு வருடம் ஆகியிருக்கும். நான் யோசிக்கவில்லை.

"என்ன கட்டிக்கிறீங்களா?" என்றேன்.

அவர் குனிந்து நரம்பைப் பார்த்தார். "ஏன், முடிச்சு அவுந்துடுச்சா? இருங்க, திருப்பிக் கட்டித் தரேன்."

"மீன இல்ல. என்ன."

நீட்டிய கை அப்படியே நின்றது. சிரிப்பு முகத்தில் இருந்தபடியே நின்றது. பிறகு அவரும் மெதுவாகத் தண்ணீரில் எனக்கெதிரே உட்கார்ந்துவிட்டார். "மெய்யாலுமா?"

"மெய்யாலுமேதான்."

"நான் தை மாசம் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். "தண்ணி தெளியட்டும்னு."

படியிலிருந்து நைனாவின் குரல்: "இன்னாம்மா ரெண்டு பேரும் தண்ணில உக்காந்துகினு இருக்கீங்க? சளி புடிக்கப் போவுது!"

சளி பிடித்தது. இரண்டு பேருக்கும்.

நைனாவிடம் சொல்வது கஷ்டமாக இல்லை. அவருக்கு எங்கள் முகத்திலேயே தெரிந்திருந்தது. அம்மா செவ்வாப்பேட்டையிலிருந்து போனிலேயே அழுது, போனிலேயே புடவை நிறம் பேச ஆரம்பித்துவிட்டார். கஷ்டம் இருந்தது அவர் வீட்டில். அவர்கள் சொந்த நிலம் வைத்திருக்கிற குடும்பம். அப்படிப்பட்ட நிலங்களில் நாற்று நட்டவர்கள் என் தாத்தாவும் அவருக்கு முந்தியவர்களும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வேறு. கேட்கும்போது எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தண்ணீரில் உட்கார்ந்திருந்ததில் கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

அவர் ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"அண்ணன் எழுந்து போய்ட்டாரு. அம்மா ஒண்ணும் சொல்லல. சோறு போட்டாங்க."

"நீங்க?"

"நான் சாப்ட்டேன். சாப்ட்டு, தேதி சொல்லிட்டு வந்தேன்" என்றார். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். நானும் பேப்பரை விரித்தேன். அன்று இரண்டு பேரும் ஒரு தவளையை ரொம்ப நேரம் சரிசெய்தோம். அதன் வயிற்றில் ஓட்டை. தண்ணீர் புகுந்து மூழ்குகிறது. பசை போட்டு, ஊதிப் பார்த்து, மறுபடி பசை போட்டோம். கடைசியில் காற்று நின்றது. அவர் அதை அழுத்திப் பார்த்து, "கீக்" என்று சத்தம் வந்ததும் சிரித்துவிட்டார். எனக்கும் மூச்சு வந்தது.

மாசி மாதம் தண்ணீர் தெளிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஆராதனை முடிந்து, ஏரிக்குப் போனோம். அவரும் நானும் பைக்கில். நைனா காவலுக்கு என்று டீக்கடைக்காரரின் மொபெட்டில் பின்னாலேயே வந்தார். முள்ளெல்லாம் பூட்டியாகிவிட்டது. காலை முழுக்க நான் பிடித்தது ஒரு செருப்பு, நிறைய ஆகாயத்தாமரை. வெயில் ஏறிய பிறகு, அந்தப் பச்சை மீனை வீசியபோது, கழி ஒரே வெட்டாக வளைந்தது. "சுத்துங்க!" என்று அவர் கத்தினார். எனக்குக் கை ஓடவில்லை. கால்தான் ஓடியது. கழியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி, கரை ஏறி ஓடினேன். "சுத்தும்மா, ஓடாத!" என்று நைனா. நான் ஓடினேன். ஏரிக்கரையைத் தாண்டி, அந்தப் பக்கம் கத்திரித் தோட்டத்து வேலிவரை ஓடித் திரும்பிப் பார்த்தால், புல்லில் ஒரு விரால் துள்ளிக்கொண்டிருந்தது. அதைத் துரத்திக்கொண்டு அவர். அவருக்குப் பின்னால் லுங்கியை மடித்துக் கட்டியபடி நைனா.

மே மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அவருடைய அம்மா வரவில்லை. ஒரு தங்கை மட்டும் வந்து, வாசலிலேயே நின்று, என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். மற்றபடி அவர் ஷிப்ட் ஆட்கள், என் கடைக்கு வரும் பெண்கள், எங்கள் தெரு. பிரியாணி.

அந்த வருடம் மழை மறுபடி தொடங்கியது. மீன் டப்பாக்கள் வெளியே வந்தன. ஒரு மதியம் நான் தனியாக உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தேன். அவர் ஷிப்டில் இருந்தார். வயதான ஒரு அம்மா பிளாஸ்டிக் பையைத் தலையில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். ஹேர்பின் கேட்டார். கொடுத்தேன். போகவில்லை. மூக்கைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இருக்கிற அதே மூக்கு.

"அத்த... உக்காருங்க" என்றேன்.

நைனாவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கையையே பார்த்தார். "இது இன்னா மீனு?"

"கெண்ட மாரி அத்த."

"கெண்டைக்கு எங்கனா இவ்ளோ மஞ்சளா இருக்கும்? நான் கழுவாத கெண்டையா? வெள்ளையக் கொடு." நான் வெள்ளைப் புட்டியைக் கொடுத்தேன். அவர் பிரஷ்ஷைப் பிடித்த விதத்தில் ஒரு துளி என் மூக்கில் தெறித்தது. அவர் பார்த்தார். நான் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மழை வலுத்து, பஸ் போய்விட்டது. வேலை முடிந்து வந்த அவர், குடையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் அம்மா நிமிர்ந்து, "ஏன்டா நனைஞ்சுக்கினு நிக்கிற? உள்ள வா" என்றார், தன் கடைபோல.

வீட்டுக்குப் போனோம். எங்கள் வீட்டில் சாப்பிடுவாரோ மாட்டாரோ என்று என் அம்மா தட்டு வைக்கத் தயங்கி என்னைப் பார்த்தார். அத்தை தானாகவே வந்து நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சாதம் போட்டேன். குழம்பு ஊற்றினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தார். நாங்கள் நான்கு பேரும் மூச்சுவிடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கம்மி" என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."